ஜர்னல் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை: வடசென்னைக் கல்லூரி நூலகர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் புதிதாக நூலகராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் உறுப்பினர் எண் இருக்கிறது. துறைகள் தனியாகச் சில இதழ்களுக்குச் சந்தா கட்டுகின்றன. ஆனாலும் மாணவர்கள் "ஜர்னல் இருக்குன்னு சொல்றீங்க, திறந்தா காசு கேட்குது" என்கிறார்கள். நூலகத்தின் இணையக் கேட்லாகான ஓபேக்கில் இதழின் பெயரைப் போட்டால் பல சமயம் எதுவும் வருவதில்லை. நிர்வாகம் ஒரு டிஸ்கவரி மென்பொருள் வாங்கித் தரத் தயார் என்கிறது. வாங்கலாமா, இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

இப்போது வாங்க வேண்டாம். நிர்வாகம் தானாக முன்வந்து பணம் தருகிறேன் என்று சொல்வது அடிக்கடி நடப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தப் பணத்தை வேறு எதற்குக் கேட்கலாம் என்பதையும் சொல்கிறேன். டிஸ்கவரி என்பது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் திரை, அவ்வளவுதான். அந்தத் திரைக்குப் பின்னால் "இந்தக் கல்லூரிக்கு இன்ன இதழ், இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை, இன்ன தளத்தில் உண்டு" என்ற விவரம் இருந்தாக வேண்டும். விற்பவரிடம் உலகத்து இதழ்களின் பட்டியல் இருக்கும். அதில் உங்களுடையது எது என்று டிக் அடிக்க வேண்டியவர் நீங்கள்தான். அதைச் செய்யாமல் வாங்கினால் ஓபேக்கில் இப்போது கிடைக்கும் ஏமாற்றமே இன்னும் பளபளப்பான பக்கத்தில் கிடைக்கும்.

முதலில், புகார் வந்த கட்டுரைகளில் ஓர் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவரின் போனிலேயே, கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். உங்கள் மேசைக் கணினியில் பார்த்துப் பயனில்லை, அங்கே எல்லாம் திறக்கும். "திறக்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரியும். அந்த இதழே உங்கள் சந்தாவில் இல்லாமல் இருக்கலாம். இதழ் உண்டு, அந்த ஆண்டு இல்லை என்றிருக்கலாம். எல்லாம் இருந்தும் மாணவர் உள்நுழையாமல் கூகுளிலிருந்து நேராகப் பதிப்பகத்தின் பக்கத்தில் போய் இறங்கியிருக்கலாம். இணைப்பு செத்துப்போயிருக்கலாம். அதே கட்டுரை இலவசமாக இன்னோரிடத்தில் கிடைப்பது தெரியாமலும் இருக்கலாம். இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டியவர் வேறு ஆள். எல்லாவற்றையும் சேர்த்து "மென்பொருள் சரியில்லை" என்று எழுதி மேலே அனுப்பினால் மென்பொருள்தான் வரும்.

இதில் முதல் காரணத்தில் ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்று அறிவித்தார்கள். செய்தியைப் படித்த முதல்வர்கள் பலரும் "நமக்கும் உண்டே" என்று நினைத்துக்கொண்டார்கள். அது மத்திய, மாநில அரசுகள் நேரடியாக நடத்தும் நிறுவனங்களுக்கானது. நம் பகுதியில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் அந்த வகை. அறக்கட்டளை நடத்தும் உதவிபெறும் கல்லூரி அந்த வகையில் வராது. உங்களுக்கு வழி, காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் என்-லிஸ்ட்தான். ஆகவே இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளிப் படிக்கும் நண்பனுக்குத் திறக்கிற லிங்க், வாட்ஸ்அப்பில் உங்கள் மாணவருக்கு வந்தால் திறக்காது. இது உங்கள் கோளாறு இல்லை. ஆனால் மாணவருக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. ஓபேக் முகப்பில் நாலு வரி எழுதிப் போட்டால் போதும்.

அடுத்து, எந்தப் பதிவுகளை முதலில் ஏற்றுவது? எல்லோரும் விலை கூடிய தொகுப்பிலிருந்து தொடங்குவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: இலவச இதழ்களை முதலில் ஏற்றுங்கள். அவற்றுக்கு உள்நுழைவே வேண்டாம், மாணவருக்குக் கை மேல் பலன் கிடைக்கும். எம்.எஸ்ஸி. விலங்கியல் மாணவி ஒருவர் எண்ணூர் முகத்துவாரத்து மடவை மீனையும் இறாலையும் பற்றிப் புராஜெக்ட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு, கொசஸ்தலை ஆற்றின் படுகை என்று அவருக்குப் படிக்க நிறைய இருக்கிறது. அவருக்கு வேண்டிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்', 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜியோ-மரைன் சயின்சஸ்', பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் 'கரன்ட் சயின்ஸ்' மூன்றுமே இணையத்தில் இலவசம். ஆனால் நம் கல்லூரி ஓபேக்குகளில் இவை இருக்கின்றனவா? பெரும்பாலும் இருக்காது. காசு கொடுத்து வாங்காததைக் கேட்லாகில் ஏற்றக்கூடாது என்று ஒரு பழைய மனப்பான்மை. வாங்கியவற்றைப் பதியும் ஆக்சஷன் ரெஜிஸ்டரில் வராதது நூலகத்தில் இல்லை என்ற கணக்கு அது. ஆடிட்டுக்கு அது சரி, மாணவிக்குச் சரியில்லை. டிஓஏஜே என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலை 2003 முதல் நடத்துகிறார்கள். அதன் முழு விவரக் கோப்பையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் உங்கள் துறைகளுக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் ஓபேக் குப்பையாகிவிடும்.

சரி, இப்போது பதிவுகளுக்கு வருவோம். உண்மையான வேலை இங்கேதான், நேரமும் இங்கேதான் போகும்.

பதிப்பகங்களும் தொகுப்பு நடத்துபவர்களும் தங்கள் இதழ்ப் பட்டியலை கேபார்ட் என்ற பொது வடிவில் தருகிறார்கள். டேப் போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக்கோப்புதான். இதழின் தலைப்பு, அச்சு ஐஎஸ்எஸ்என் (இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண்), மின் ஐஎஸ்எஸ்என், இணையத்தில் கிடைக்கும் முதல் இதழின் தேதி, கடைசி இதழின் தேதி, தலைப்புக்கான முகவரி, தடைக்காலம் என்று பத்திகள் இருக்கும். சந்தா கட்டும் ஒவ்வோர் இடத்திலும் இந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதி ஒரு பிடிஎஃப் பிரசுரத்தை அனுப்பி "இதுதான் லிஸ்ட்" என்பார். விடாதீர்கள், கேபார்ட் கோப்பு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். தடைக்காலப் பத்தியில் 'பி' என்று தொடங்கினால் சமீபத்திய இதழ்கள் கிடையாது என்று பொருள். 'ஆர்' என்று தொடங்கினால் சமீபத்திய சில ஆண்டுகள் மட்டும்தான் உண்டு, பழையவை கிடையாது. பி-1-ஒய் என்றால் கடைசி ஓராண்டு இல்லை. ஆர்-10-ஒய் என்றால் கடைசிப் பத்தாண்டு மட்டும். இந்த ஒரு பத்தியைச் சரியாகப் படித்து ஓபேக்கில் காட்டினாலே "காசு கேட்குது" என்ற புகார் கணிசமாகக் குறையும்.

கோப்பை எக்செல்லில் திறக்கும்போது கவனம். இடையில் கோடு போடாத ஐஎஸ்எஸ்என்னை எக்செல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிடும். 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யின் அச்சு எண் 0012-9976. கோடில்லாமல் வந்தால் அது 129976 ஆகிவிடும். அப்புறம் எதோடும் பொருந்தாது. அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துக்கொண்டே கோப்பை உள்ளே எடுங்கள். தமிழ்த் தலைப்புகள் இருந்தால் யூடிஎஃப்-8 என்றும் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் புரியாத குறிகளாக வரும். எண் சரியா என்று சந்தேகம் வந்தால் கையாலேயே சரிபார்க்கலாம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11லிருந்து கழித்தால் எட்டாவது இலக்கம் வர வேண்டும். மேலே சொன்ன எண்ணுக்குக் கூட்டுத்தொகை 93, மீதி 5, ஆகவே 6. விடை 10 என்று வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் இருக்கும். மீதியே இல்லாவிட்டால் பூஜ்யம்.

ஒரே இதழுக்கு அச்சுக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு வேறோர் எண். இபிடபிள்யூவின் மின் எண் 2349-8846. உங்கள் பழைய பதிவில் அச்சு எண் மட்டும் இருக்கும், கேபார்ட் கோப்பில் மின் எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. இதற்காகத்தான் இரண்டையும் இணைக்கும் ஐஎஸ்எஸ்என்-எல் என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். மார்க் 21 என்பது கேட்லாக் பதிவின் வடிவம், அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட புலம் உண்டு. அதன் 022 புலத்தின் எல் துணைப்புலத்தில் ஐஎஸ்எஸ்என்-எல்லைப் போடுங்கள். ஒரு தடவை போட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாப் பொருத்தமும் சுலபம்.

பெயர் மாற்றம் இன்னொரு தலைவலி. 1949இல் தொடங்கிய 'எகனாமிக் வீக்லி'தான் 1966இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஆனது. பழைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் முதல் பெயர்தான் இருக்கும். மேலே சொன்ன 'ஜியோ-மரைன் சயின்சஸ்' இதழும் முன்பு வெறும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மரைன் சயின்சஸ்'. மாணவி பழைய பெயரைத் தட்டித் தேடி, இல்லை என்று போய்விடுவார். 780இல் முந்தைய பெயர், 785இல் அடுத்த பெயர் என்று இரண்டு பதிவுகளையும் பிணைத்து வையுங்கள். 'இபிடபிள்யூ' போன்ற சுருக்கப் பெயர்களை 246இல் சேருங்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் தேடுவது அந்தப் பெயரில்தான். முழுப்பெயரைத் தட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அச்சுக்கும் மின்பதிப்புக்கும் ஒரே பதிவா, தனித்தனிப் பதிவா என்று பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்கில் சண்டை நடக்கும். தனித்தனியாக வைத்து 776இல் இணைப்பதுதான் விதிப்படி சுத்தம். சிறிய கல்லூரிக்கு நான் சொல்வது வேறு. பேக் வால்யூம் உங்கள் அலமாரியில் இருக்கும் இதழ்களுக்கு ஒரே பதிவு போதும். பைண்ட் பண்ணிய 1985ஆம் ஆண்டுத் தொகுதியும் இன்றைய லிங்கும் ஒரே திரையில் தெரியட்டும். தொகுப்பின் வழியாக மட்டும் வரும் இதழ்களுக்குத் தனிப் பதிவு போட்டு, எந்தத் தொகுப்பு என்பதை ஓர் உள் புலத்தில் குறித்துவையுங்கள். காரணம் வெளிப்படை: தொகுப்பு மாறினால் அந்தப் பதிவுகளை மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். கேபார்ட் பட்டியலை மார்க்எடிட் என்ற இலவசக் கருவியில் மார்க் பதிவுகளாக மாற்றி கோஹாவில் மொத்தமாக ஏற்றலாம். கோளாறு என்று தெரிந்தால் அந்த ஏற்றத்தை மட்டும் திரும்பப் பெறும் வசதியும் கோஹாவில் உண்டு. 22.11 பதிப்பு முதல் கோஹாவிலேயே மின்வளங்களுக்கென்று தனிப் பகுதியும் இருக்கிறது. உங்களிடம் ஓடுவது அதற்கு முந்தைய பதிப்பு என்றால் மேம்படுத்துவதை இந்த ஆண்டுத் திட்டத்தில் போடுங்கள்.

இனி 856 புலம். இணைப்பு இருக்குமிடம் இதுதான். நம் ஊர்ப் பதிவுகளில் இதில் முகவரியை மட்டும் ஒட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதே புலத்தில் 3 என்ற துணைப்புலத்தில் "1998 முதல், கடைசி ஓராண்டு தவிர" என்று எழுதுங்கள். இசட் துணைப்புலத்தில் "என்-லிஸ்ட் கணக்கில் உள்நுழைந்தபின் திறக்கும்" என்றோ "அனைவருக்கும் இலவசம்" என்றோ எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ரேஷன் கடை வாசல் பலகையில் "பருப்பு இருப்பு உண்டு" என்று எழுதியிருந்து, வரிசையில் நின்று உள்ளே போனால் இல்லை என்றால், அடுத்த மாதம் அந்தப் பலகையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓபேக்குக்கும் நடந்தது அதுதான். எந்த ஆண்டு திறக்கும், எது திறக்காது என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லும் பதிவுகள் ஐந்நூறு இருந்தால் போதும். எல்லாம் உண்டு என்று காட்டி ஏமாற்றும் ஐயாயிரம் வேண்டாம்.

வெளியிலிருந்து வருபவரைக் கல்லூரி இணைப்பின் வழியாகப் பதிப்பகத்துக்கு அனுப்பும் ப்ராக்ஸி சர்வர் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று: ப்ராக்ஸி முன்னொட்டை ஒவ்வொரு பதிவின் லிங்கிலும் ஒட்டாதீர்கள். சர்வர் முகவரி மாறும் நாளில் எல்லா லிங்கும் ஒன்றாகச் சாகும். பதிவில் சுத்தமான முகவரியை வைத்து, திரையில் காட்டும்போது முன்னொட்டைச் சேர்க்கும்படி ஓபேக் வார்ப்புருவில் செய்துகொள்ளுங்கள். செத்த லிங்குகளைக் கண்டுபிடிக்க கோஹாவோடு வரும் முகவரிச் சோதனை ஸ்கிரிப்டை மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள்.

தமிழ்ப் பதிவுகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் தமிழ்த்துறை கண்டிப்பாகக் கேட்கும்.

யூனிகோடுக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்கள் பல கல்லூரிகளில் அப்படியே கோஹாவுக்கு வந்திருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டியது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தவரை தமிழாகத் தெரிந்தது. இப்போது ஓபேக்கில் பார்த்தால் ஏதோ பிழைச் செய்தி மாதிரி இருக்கும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் முழுப் பதிவையும் ஒரே அடியாகப் போடக்கூடாது. ஐஎஸ்பிஎன், ஆங்கிலத் தலைப்பு எல்லாம் சேர்ந்து தமிழாகிவிடும். புலம் புலமாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

யூனிகோடுக்கு வந்தபின்னும் வேலை முடியவில்லை. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடல் பொறிக்கு வேறு. என்எஃப்சி என்ற சீராக்கத்தை ஏற்றுமுன் ஓட்டினால் இது தீரும். 'ஔவையார்' அதிலும் தீராது. பலர் ஔகாரத்துக்குப் பதில் ஒ போட்டுப் பக்கத்தில் ள தட்டியிருப்பார்கள். அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும். 'ஸ்ரீ' என்பதும் இரண்டு விதமாகச் சேமிப்பில் இருக்கும். கோஹா ஜீப்ரா தேடல் பொறியோடு ஓடினால், தேடல் அட்டவணை ஐசியூ என்ற பன்மொழி முறையில் இருக்கிறதா என்று உங்கள் தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள். இயல்பாக நிறுவும்போது வரும் முறை தமிழுக்குச் சரிப்படாது. தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமில்லாதது வரும்.

அப்புறம் ரோமன் எழுத்துச் சிக்கல். வெளிநாட்டு நூலகங்களிலிருந்து இசட்39.50 என்ற பதிவுப் பரிமாற்ற முறை வழியாக இழுக்கும் பதிவுகளில் சிலப்பதிகாரம் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். நம் பிள்ளைகள் 'எஸ்' போட்டுத் தேடுவார்கள். 'ழ' வரும் இடத்தில் பதிவில் அடிக்கோடு போட்ட 'எல்' இருக்கும், இவர்கள் 'இசட்ஹெச்' தட்டுவார்கள். தமிழ் எழுத்தில் ஒரு தலைப்பு, மாணவர் தட்டக்கூடிய ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றிரண்டு, இவற்றை 246இல் சேர்த்துவிடுங்கள். எல்லாப் பதிவுக்கும் செய்ய ஆள் இல்லை என்றால் பாடத்திட்டத்தில் இருக்கும் நூல்களுக்கும், 'செந்தமிழ்', 'செந்தமிழ்ச் செல்வி' போன்ற பழைய இதழ்களுக்கும் முதலில் செய்யுங்கள். அந்தப் பழைய இதழ்களில் எவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன என்று பார்த்து 856இல் இணைப்பும் கொடுங்கள். காசில்லாமல் உங்கள் தமிழ்த்துறைக்கு ஒரு ஜர்னல் ஆர்க்கைவ் கிடைத்துவிடும்.

உள்நுழைவுதான் மற்றொரு பெரிய வேலை. நம் பகுதி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் பாரிமுனைக் கடைக்கோ கன்டெய்னர் யார்டுக்கோ டெலிவரி வேலைக்கோ போகிறவர்கள். மாலை ஷிப்டுக்கு வேலையிலிருந்து நேரே வருகிறவர்கள். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்களால் உட்கார முடியாது. கையில் இருப்பது போன், அதில் இருப்பது நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் டேட்டா. நூலகத்தின் ஆறு கணினிகளில் எல்லாம் திறக்கிறது என்பது இவர்களுக்கு ஒரு தகவல் மட்டுமே. வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே விதி எழுதினார். நூலகத்துறையில் யார் பதில் எழுதினாலும் அவரை ஒருமுறை இழுக்காமல் முடிப்பதில்லை, நானும் இழுத்துவிட்டேன். ஆனால் இங்கே அது பொருந்துகிறது.

கல்லூரி இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை மட்டும் நம்பிய அணுக்கம் வளாகத்தோடு முடிந்துவிடும். அதுவும் நிலையான ஐபி இருந்தால்தான். செலவைக் குறைக்க இணைய இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றிய மறுநாளே எல்லாப் பதிப்பகமும் கதவைச் சாத்திய கல்லூரிகள் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்கும் நூலகத்திடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது. எனவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் செலவு நிலையான ஐபி. கூடவே, இணைப்பு மாற்றும் கோப்பில் நூலகரின் கையெழுத்தும் வேண்டும் என்ற ஒரு சுற்றறிக்கை.

என்-லிஸ்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. அதை முதலாண்டு சேர்க்கையின்போதே, அடையாள அட்டை கொடுக்கும் அதே நாளில் உருவாக்கிக் கொடுங்கள். "வேண்டுமென்றால் வந்து கேளுங்கள்" என்று வைத்தால் யாரும் வரமாட்டார்கள், ஒருவர் வாங்கியதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவே பயன்படுத்தும். ஒரே கணக்கில் நூறு கட்டுரை இறங்கினால் பதிப்பகத்தின் தளம் அதைத் தடுத்துவிடும், அப்போது தண்டனை எல்லோருக்கும். இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பில் சேர்ந்தால் கல்லூரி அடையாளத்தைக் கொண்டே பல தளங்களில் உள்நுழையலாம். அதற்கு வேண்டிய ஷிபோலெத் என்ற உள்நுழைவுச் சர்வரைத் தானே நடத்த முடியாத கல்லூரிகளுக்காக அவர்களே அதை நடத்தியும் தருகிறார்கள். நீங்கள் தனியாகச் சந்தா கட்டும் இதழ்களுக்கும் அதே வழியைத் திறக்கச் சொல்லிப் பதிப்பகத்திடம் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு. மாணவர் தன் போனில் கூகுள் கணக்கோடு, கல்லூரி வைஃபையில் இருக்கும்போது ஒருமுறை கூகுள் ஸ்காலரைத் திறந்தால், காசா என்ற முறையை ஏற்றுக்கொண்ட பதிப்பகங்களின் கட்டுரைகள் அதன்பின் வீட்டிலிருந்தும் சில காலம் திறக்கும். ஐபி வழியாகச் சந்தா பதிவாகியிருக்கும் தளங்களுக்கு மட்டும்தான் இது. மற்றபடி தனி மென்பொருள், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். நூலக அறிமுக வகுப்பில் பவர்பாயிண்ட் காட்டுவதை நிறுத்திவிட்டு எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி இதைச் செய்ய வையுங்கள். கூடவே அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியை மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குக் காட்டுங்கள். காசு கேட்கும் கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அது பச்சைப் பூட்டாகக் காட்டும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நேரடியாகச் சந்தா கட்டும் பதிப்பகங்களிடம் கவுண்டர் என்ற பொது முறைப்படியான பயன்பாட்டு அறிக்கை கேளுங்கள். எத்தனை கட்டுரை திறந்தார்கள் என்பதைச் சொல்லும் டிஆர்-ஜே1 அறிக்கையை எல்லோரும் பார்ப்பார்கள், நாக் தர மதிப்பீட்டு அறிக்கையிலும் போடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது டிஆர்-ஜே2. திறக்க முயன்று, உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கு அது, இதழ் வாரியாக இருக்கும். உங்கள் மாணவர்கள் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. அடுத்த ஆண்டு எந்த இதழை விடுவது, எதைச் சேர்ப்பது என்ற பேச்சைத் துறைத்தலைவர்களின் விருப்பத்திலிருந்து பிடுங்கி இந்தத் தாளின் மேல் வைக்கலாம். கோபப்படுவார்கள், பரவாயில்லை.

நிர்வாகத்தின் பணத்துக்கு என் பட்டியல்: நிலையான ஐபி, கோஹா மேம்பாடும் பேக்கப்பும், வாசிப்பறையில் உருப்படியான வைஃபை, அப்புறம் பதிவுகளைச் சரிசெய்ய நூலகவியல் படித்த ஒருவருக்கு ஆறு மாதத் தொகுப்பூதியம். கடைசியில் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதற்காகவே கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். இது முடிந்தபிறகும் ஒரே தேடல் பெட்டி வேண்டும் என்று தோன்றினால் வில்லனோவா பல்கலைக்கழகம் உருவாக்கிய வியூஃபைண்ட் இலவசமாக இருக்கிறது. கோஹாவோடு சேர்ந்து ஓடும். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் அப்போது கேபார்ட் கோப்புகள் உங்கள் கையில் தயாராக இருக்கும், விற்பவரிடம் சரியான கேள்வி கேட்கவும் தெரிந்திருக்கும்.

தனிச் சந்தாக்களைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைத் தேடுங்கள். சந்தாவை நிறுத்தினாலும் காசு கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் தொடர்ந்து திறக்குமா என்பது ஒன்று. அச்சை நிறுத்தி மின்பதிப்புக்கு மாறிய கல்லூரிகள் பல இதில்தான் மாட்டின, கையில் பேக் வால்யூமும் இல்லை, திரையிலும் இல்லை. இன்னொன்று, நூலகத்துக்குள் நேரில் வந்து உட்காரும் வெளியாட்களுக்குக் காட்டலாமா என்பது. காசிமேட்டிலிருந்து மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர் எண்ணூர்த் தண்ணீரைப் பற்றிய கட்டுரை கேட்டு வந்தால், அந்தப் பிரிவு இருக்கும் இதழ்களை உங்கள் நூலகக் கணினியில் அவருக்குத் திறந்து காட்டலாம். என்-லிஸ்ட் கணக்கை அப்படிப் பயன்படுத்த முடியாது, அது தனிநபருக்கு உரியது. பிரிவு இல்லையென்றால் சேர்த்துத் தரும்படி கையெழுத்துக்கு முன்னாலேயே எழுதிக் கேளுங்கள், பணம் போய்ச் சேர்ந்தபின் யாரும் பதில் போடமாட்டார்கள்.